ஜெபதுரையின் சிவப்புப் பூட்டு

எங்கள் தொழிற்சாலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. காலையில் வாசலில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால், மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போதுதான் எடுக்க முடியும். அன்றைக்கு எடுத்துப் பார்த்தபோது நம் கல்லூரி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுபது செய்திகளுக்கு மேல் வந்து கிடந்தன. நம் குழுவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் தவிர அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. எழுபது செய்தி என்றால் நல்ல செய்தியாக இருக்காது. திறக்காமல் வைத்திருந்தால் அது நடக்காமலே இருந்துவிடும் என்பதுபோலக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டு எடுக்கப் போனேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர், "என்னம்மா, சோறு வாங்காமலே வந்துட்டீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஜெபதுரைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். டெங்கு என்று தெரிந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். விடியற்காலையில் முடிந்துவிட்டது. வயது முப்பத்தொன்று.

நினைவுக் கூட்டத்தில் கொடுப்பதற்காக நண்பர்கள் ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். "நீதான் அவன்கூட வேலை பாத்தவ, நீ எழுது கோமதி" என்றார்கள். சரி என்றேன். எதை எழுதப்போகிறேன் என்று அவர்களுக்கு அப்போது தெரியாது. எழுதலாமா வேண்டாமா என்று எனக்கே அப்போது தெரியாது. இதைப் படிக்கிற உங்களில் பலர் என்னைப் பற்றி இன்றுவரை நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது போகக்கூடும்.

முதலில் அவனைப் பற்றி.

நானும் அவனும் சங்கரன்கோவிலில் ஒரே நிறுத்தத்தில் கல்லூரிப் பேருந்து ஏறுவோம். ரோபோட்டிக்ஸ் பிரிவில் நாம்தான் முதல் வகுப்பு. நமக்கு முன்னால் படித்தவர்கள் யாரும் இல்லாததால், அந்தப் படிப்பை முடித்தால் என்ன ஆவோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. சேரப்போகிறேன் என்று சொன்ன அன்று எங்கள் அப்பா விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் கேட்டார்: "பொம்மை செய்யுத படிப்பாட்டி அது?" எனக்கு இயல்பிலேயே எதற்கெடுத்தாலும் பயம். கேஸ் மூடினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவள், யாரும் போகாத படிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டு நாலு வருடமும் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

மூன்றாம் ஆண்டில் அந்தப் பயம் நம் எல்லோருக்கும் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வளாகத் தேர்வுக்கு வந்த நிறுவனங்களின் படிவத்தில் மெக்கானிக்கல் இருந்தது, எலெக்ட்ரிக்கல் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது. நம் பிரிவுக்குக் கட்டமே இல்லை. நம்மில் பாதிப் பேர் அன்றைக்கே மென்பொருள் பக்கம் சாய்ந்துவிட்டோம். ஜெபதுரை மட்டும் 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் அடித்துப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ரோபோட்டிக்ஸ் என்று எழுதினான். நேர்காணலில், எதையும் முழுதாகப் படிக்காதவனை வைத்து என்ன செய்வது என்று கேட்டார்களாம். அவன் சொன்ன பதிலை அன்று பேருந்தில் வந்து நமக்கெல்லாம் நடித்துக் காட்டினான். "சார், மெசின் ஓடலன்னா மெக்கானிக்கு கரண்டுன்னு சொல்லுவாரு, எலெக்ட்ரீசியன் ப்ரோகிராம்னு சொல்லுவாரு, ப்ரோகிராம்காரரு போல்ட்டு லூசும்பாரு. மூணு பேரு பேசுததும் புரியுத ஒரு ஆளு நடுவுல நிக்கணும்லா. அது நான்தான்." வேலை கிடைத்தது. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் எனக்கும் கிடைத்தது. அவன் எடுத்துச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

அவன் அப்பா சாமுவேல் அண்ணாச்சியின் இரும்புக் கடை ரத வீதிக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஊரில் பாதி வீடுகளுக்குப் பூட்டு அங்கிருந்துதான் போயிருக்கும். மதியம் ஒன்றரைக்குக் கடை சாத்தும்போது அண்ணாச்சி ஷட்டரில் கை வைத்துக்கொண்டு, "உள்ள யாரும் இருக்கியளா?" என்று மூன்று தடவை கூப்பிடுவார். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். எதற்கு என்று ஒருநாள் பேருந்தில் ஜெபதுரையிடம் கேட்டேன். அவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டானாம். அண்ணாச்சி தெரியாமல் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இருட்டிலும் புழுக்கத்திலும் இரண்டு மணி நேரம் கிடந்திருக்கிறான். "அன்னைலருந்து அப்பா கூப்பிடாம சாத்த மாட்டாரு. எனக்கும் அது ஒட்டிக்கிட்டு. பாத்ரூம் கதவக்கூடக் கேட்டுட்டுதான் சாத்துவேன்" என்றான். அன்றைக்கு எல்லோருமாகச் சேர்ந்து அவனைக் கேலி செய்தோம்.

வேலை சென்னைக்கு வெளியே, கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். சுற்றிலும் ஆள் உயரக் கம்பிவேலி போட்ட கூண்டுக்குள் வெல்டிங் செய்யும் ரோபோக்கள் நிற்கும். அவற்றுக்கு எந்தப் பாதையில் போக வேண்டும், எங்கே பற்றவைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும், கோளாறு வந்தால் பார்ப்பதும் எங்கள் வேலை. ரோபோட்டிக்ஸ் என்றால் மனிதன் மாதிரி நடக்கிற பொம்மை என்று நினைத்து வருகிறவர்களுக்கு அங்கே முதல் வாரமே சப்பென்று ஆகிவிடும். ஒரு சென்சார் ஏன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொய் சொல்கிறது என்று நாள் முழுக்கத் தேடுவதுதான் வேலையில் பெரும்பகுதி. நம் கல்லூரியில் சேர வருகிறவர்களிடம் ஜெபதுரை பிற்காலத்தில் கேட்ட ஒரே கேள்வியும் அதைப் பற்றித்தான்: "ஒரு கம்பி ஏன் சூடாகுதுன்னு சாயங்காலம் வரை தேடப் பொறுமை இருக்கா? இருந்தா வாங்க. ரோபோ பெறவு பாத்துக்கலாம்."

கூண்டுக்குள் போவதற்கு ஒரு விதி உண்டு. ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு கொடுத்திருப்பார்கள். அதில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. உள்ளே போகிறவர் மின்சார சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அவர் வெளியே வந்து தன் கையால் திறக்கும்வரை யாராலும் ரோபோவுக்கு மின்சாரம் கொடுக்க முடியாது. ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடவே கூடாது. சாவி தொலைந்தால், பூட்டுக்கு உரியவர் நேரில் வந்து நின்று சொன்ன பிறகுதான் வெட்டுவார்கள்.

அன்றைக்கு நான் என் பூட்டை விடுதியிலேயே மறந்து வைத்துவிட்டேன். கேஸ் மூடினேனா என்று மூன்று தடவை பார்க்கிற நான், பூட்டை மறந்தேன். கூண்டுக்குள் ஒரு சென்சார் கேபிள் கழன்றிருந்தது. ஐந்து நிமிட வேலை. பூட்டைக் கொண்டுவரவில்லை என்று சொன்னால் பதிவேட்டில் எழுதுவார்கள். என் தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. வேலை நிலைக்கவில்லை என்றால் ஊருக்கு வந்துவிடு, மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த உற்பத்தி வரிசையில் நான் ஒருத்திதான் பெண். நான் போனால், பெண்ணை எடுத்தது தப்பு என்று பேச்சு வரும். இத்தனையும் ஒரு நொடியில் மனதில் ஓடியது. ஜெபதுரை சாப்பிடப் போயிருந்தான். அவன் மேசையில் அவனுடைய பூட்டு சாவியோடு கிடந்தது. சுவிட்சை அணைத்து அதை மாட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். யாரையும் கேட்கவில்லை.

ஐந்து நிமிடம் இருபது நிமிடம் ஆகிவிட்டது. நான் பாகங்களைத் திருப்பிக் கொடுக்கும் சுழல்மேசைக்குப் பின்னால் தரையோடு படுத்துக் கேபிளைச் சொருகிக்கொண்டிருந்தேன். காதில் சத்தம் புகாமல் இருக்க வைக்கும் அடைப்பான். வெளியே ஜெபதுரை திரும்பி வந்திருக்கிறான். சுவிட்சில் தன் பூட்டு தொங்குவதைப் பார்த்திருக்கிறான். காலையில் அதே கூண்டில் அவன் வேலை பார்த்திருந்தான். எடுக்க மறந்துவிட்டோம் என்று நினைத்தான். சாவி எங்கேயும் இல்லை. மேற்பார்வையாளர், வரிசை நின்றுபோச்சு என்று பறந்துகொண்டிருந்தார். "என் பூட்டுதான் சார். நான் வெளியதான நிக்கேன்" என்று சொல்லியிருக்கிறான். கட்டரால் வெட்டினார்கள். சுவிட்சைப் போட்டார்கள். இனி ஒரே ஒரு பச்சைப் பொத்தான்தான் பாக்கி.

பூட்டுக்காரன் வெளியே நிற்கிறான் என்றால் உள்ளே யாரும் இல்லை என்றுதான் அர்த்தம். விதிப்படி அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவன் பொத்தானை அமுக்காமல் வேலியைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். நடந்துகொண்டே கூப்பிட்டான். எப்போதும் அப்படித்தான் செய்வான். பல மாநிலத்து ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் திருநெல்வேலித் தமிழில் கூப்பிடுவதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். "உள்ள யாரும் இருக்கியளா?" முதல் தடவையும் இரண்டாவது தடவையும் எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை அவன் வேலியின் பின்பக்கம், என் தலைக்கு நேராக வந்திருந்தான்.

"நான் இருக்கேன்" என்றேன்.

அவன் முகம் போன போக்கை நான் கம்பிகளுக்கு இடையில் பார்த்தேன். இப்போதும் சில நாள் குளிக்கும்போது திடீரென்று அந்த முகம் வந்து நிற்கும்.

மறுநாள் விசாரணை. எனக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் வெளியே வரும்போது என்னைப் பார்க்காமல் போனான். உள்ளே போனதும் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்கள்: "பூட்டை அவர்தான் உங்களுக்கு இரவல் கொடுத்ததாகவும், பிறகு அதை மறந்துவிட்டதாகவும் சொல்கிறார். அப்படித்தானா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவனுக்குத் தெரியாமல் நான்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன். அவன் எனக்கு ஷிப்ட் பொறுப்பாளன் என்பதால் பொறுப்பாளன் சொன்னபடி செய்த புதியவள் என்று என்னை எச்சரிக்கையோடு விட்டார்கள். அவனை அந்த வாரமே வெளியே அனுப்பினார்கள்.

அவன் ஊருக்குக் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்துக்குப் போனேன். அழுதேன். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போவும். ஒண்ணு போனது போதும்" என்றான். "வெட்டச் சொன்னது நான்தானட்டி. பாதித் தப்பு என்னுதுதான்" என்றான். பையில் இருந்து வெட்டுப்பட்ட பூட்டை எடுத்து என் கையில் வைத்தான். "இத நீ வச்சுக்க. இனி எவன் பூட்டையும் தொடாத." பேருந்து கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். எனக்கு அப்போது மனதில் இருந்தது துக்கம் மட்டுமில்லை, வேலை தப்பியது என்ற நிம்மதியும்தான். இதையும் எழுதிவிடுகிறேன்.

ஊருக்குத் திரும்பியவன் நம் கல்லூரியிலேயே ஆய்வகத்தில் சேர்ந்தான். சனி, ஞாயிறுகளில் தறிக்கூடங்களுக்குப் போய், நூல் அறுந்தால் தறி தானாக நிற்பதற்குச் சின்னச் சென்சார்கள் பொருத்திக் கொடுத்தான். எங்கள் அப்பாவின் தறிகளுக்கும் அவன்தான் பொருத்தினான். "இந்தப் படிப்பு பொம்மை செய்யுத படிப்பு இல்லட்டி" என்று அப்பா எனக்கு அன்று போன் செய்து சொன்னார். எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. ஊரில் வேறு மாதிரிப் பேச்சும் இருந்தது. பூட்டுக் கடைக்காரர் மகன் பூட்டு விஷயத்தில் கவனமில்லாமல் இருந்து வேலையைத் தொலைத்தான் என்று. நிறுவனத்தின் கடிதம் வீட்டுக்குப் போயிருந்தது. அண்ணாச்சி அதைப் படித்திருந்தார். அதன் பிறகு அவர் மகனைக் கடைக்குள் உட்காரவிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஏழு வருடத்தில் நான் அங்கே படிப்படியாக மேலே போனேன். புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது இப்போது என் வேலை. அந்த வகுப்பில் சொல்வதற்கென்று ஒரு கதை தயாராக இருக்கிறது. தன் பூட்டை இரவல் கொடுத்த ஒரு பொறியாளரின் கதை. பெயர் சொல்வதில்லை. அவருடைய அஜாக்கிரதையால் ஒரு பெண் செத்திருப்பாள் என்று சொல்லுவேன். எல்லோரும் கதையைக் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் அதைச் சொன்னது நான்தான், என் வாயால்.

அவனுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது நினைப்பேன். அவன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இப்ப எந்த மாடல் ரோபோ வந்திருக்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவான். நானும் அந்தப் பேச்சிலேயே ஒளிந்துகொள்வேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்ததும் அண்ணாச்சி என்னிடம் வந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். "மக்கா, நீ அவன்கூடத்தான வேலை பாத்த. பூட்டு விசயத்துல அவன் ஏன் அப்படி அசால்ட்டா இருந்தான்? எனக்கு அதான் இன்னும் புடிபடல" என்றார். மகன் போன அன்றைக்கும் அவருக்கு அந்தக் கேள்விதான் முன்னால் நின்றது. "தெரியல மாமா" என்றேன். உண்மையை மறைத்தது இது இரண்டாவது தடவை.

சென்னைக்குத் திரும்பிய பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மேசை இழுப்பறையில் இருந்த பூட்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். நேராகக் கடைக்குப் போனேன். மதியம் ஒரு மணி இருக்கும். கடையில் யாரும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, பூட்டை மேசைமேல் வைத்து, மேலே எழுதிய அத்தனையையும் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்து நிறுத்தாமல் சொன்னேன்.

அண்ணாச்சி பூட்டை எடுத்துப் பார்த்தார். பெயர் ஒட்டியிருந்த தாளைக் கட்டைவிரலால் தேய்த்தார். வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தார். "நல்ல பூட்டு. நம்மகிட்ட இப்படிப்பட்டது இல்ல" என்றார். பூட்டைக் கீழே வைக்காமலே, "மூணு தடவ கூப்பிட்டானா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. மூணாவது தடவதான் எனக்குக் கேட்டுச்சு."

"சுத்தி வந்து கூப்பிட்டானா?"

"சுத்தி வந்துதான் மாமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஏழு வருசம் அவன்ட்ட நான் ஒழுங்கா முகங்குடுத்துப் பேசல. நீ அப்பவே சொல்லியிருக்கலாம் மக்கா."

"சொல்லியிருக்கலாம் மாமா" என்றேன். மன்னிப்புக் கேட்பதற்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

ஒன்றரை ஆனது. அவர் எழுந்தார். ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலிலேயே இருந்தேன். வெளியே நின்று, கையை ஷட்டரில் வைத்து, தெருவைப் பார்த்தபடி கூப்பிட்டார்.

"உள்ள யாரும் இருக்கியளா?"

நான் இருப்பது அவருக்குத் தெரியும். பழக்கத்தில் கூப்பிட்டாரா, என்னைத்தான் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார். நான் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றேன். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்தது.

"நான் இருக்கேன் மாமா."

"வா. சாப்பிடப் போவோம்" என்றார்.

மேலாளருக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. வேலை இருக்குமா என்று தெரியாது. கைபேசி அடித்தால் இன்னும் முதலில் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். கடந்த வாரம் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்தபோது கதையை நடந்தபடி சொன்னேன். அவன் பெயரைச் சொன்னேன், என் பெயரையும் சொன்னேன். பேனாக்கள் எல்லாம் நின்றுவிட்டன.

பூட்டை அண்ணாச்சியிடமே விட்டுவிட்டேன். கடையில் கல்லாவுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது, பெயர் வெளியே தெரியும்படி. ஊருக்குப் போனால் பாருங்கள். ஜெபதுரையிடம் இருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அவன் கேட்ட கேள்வி ஒன்றைத்தான். இப்போது எந்தக் கூண்டை ஓட்டுவதற்கு முன்னாலும் நான் சுற்றி நடந்து, நம் ஊர்த் தமிழில், மூன்று தடவை கூப்பிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் யாராவது என்னைப் பார்த்து அப்படிக் கேட்டால், மூன்றாவது தடவை வரை காக்கவைக்காமல் முதல் தடவையே பதில் சொல்லிவிட வேண்டும். அதைத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.